முனி குடிமாறிய வெள்ளிக்கிழமை

தொழினுட்ப முகாமைத்துவம் என்று ஒரு படிப்பு இருக்கிறது, அதற்குக் கொழும்பில் இடம் கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னபோது வாப்பா கடையில் பெல்ட் அளந்துகொண்டிருந்தார். பதுளை பஸாரில் எங்களுடையது தோட்டங்களை நம்பிய கடை. தேயிலைத் தொழிற்சாலைகளில் சக்கரத்துக்குச் சக்கரம் ஓடும் அகலமான பெல்ட், கிரீஸ், போல்ட், பெயரிங் எல்லாம் எங்களிடம் வாங்கித்தான் மலைக்கு ஏறும். வாப்பா தலை நிமிராமலே கேட்டார்.

"மெசினப் படிக்கிறதா, ஆக்களப் படிக்கிறதா?"

"ரெண்டையும் சேத்து, வாப்பா."

"அப்ப ரெண்டும் அரைவாசி தான் வரும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்கள் வீட்டில் அந்தச் சிரிப்புக்கு அனுமதி என்று பொருள். நான் அப்போது பண்டாரவளைப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பட்டம் வாங்கிய சூடு ஆறவில்லை. ஒரு இடத்தில் உட்கார முடியாது. மின்சாரப் பாடம் நடத்தும்போது வகுப்பை விட்டுவிட்டுப் பிள்ளைகளுடன் பக்கத்து மில்லுக்கு ஓடிப்போய் மோட்டரைக் காட்டுகிற ஆள். அதிபர் எனக்கு ஒரு வருட லீவு வாங்கிக் கொடுத்தார். என்மேல் இருந்த அன்பாலா, என் தொல்லை தாங்காமலா என்று இன்றுவரை கேட்கவில்லை. எப்படியானாலும் அவருக்கு நன்றி.

கொழும்பு வகுப்பில் நாங்கள் ஒரு கைப்பிடி பேர்தான். துணி ஆலைப் பொறியியலாளர்கள், துறைமுகத்து ஆட்கள், சீனித் தொழிற்சாலையிலிருந்து ஒருவர். எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள், எல்லாரும் என்னைவிடக் குறைவாகப் பேசுகிறவர்கள். எங்கள் விரிவுரையாளர் வெளிநாட்டில் படித்துத் திரும்பிய ஒரு பெண்மணி. ஒரு நாட்டுக்கோ ஒரு ஆலைக்கோ புதிய இயந்திரம் வருகிறபோது அதை வாங்குவதுதான் மிகச் சின்ன வேலை, அதற்குப் பிறகு நடப்பதைத்தான் நீங்கள் படிக்க வந்திருக்கிறீர்கள் என்பார். நான் அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்து போனேன். கடையில் உட்கார்ந்து பார்த்த காட்சிகளெல்லாம் எனக்கு நினைவு வந்தன. ஆசையாக வாங்கிக்கொண்டு போன சாமானைச் சீல் உடைக்காமல் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த தோட்டங்கள் எத்தனையோ.

ஆய்வறிக்கைக்கு அவர் ஒரு நிபந்தனை வைத்தார். ஏதாவது ஒரு இடத்தில் பழைய இயந்திரம் நின்று புதியது ஓடத் தொடங்குவதை முழுமையாகப் பார்க்க வேண்டும். தொடங்குவதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும்; புதியது ஒரு முழு வேலையை முடிக்கும்வரை இருக்க வேண்டும். பார், கேள், எழுது. கையை மட்டும் உள்ளே விடாதே. ஜனவரியில் தவணை தொடங்கும்போது அந்த மாற்றம் நடந்து முடிந்திருக்காவிட்டால் வேறு தலைப்பு எடுத்து அடுத்த வருடம் எழுதலாம். மற்றவர்களுக்கு அடுத்த வருடம் இருந்தது. எனக்கு லீவு ஒரு வருடம்தான். ஜனவரிக்குள் ஓடினால் பட்டம், ஓடாவிட்டால் திரும்பவும் கரும்பலகையும் சோக்கட்டியும். அவ்வளவு எளிமையாகத்தான் என் தலைவிதி எழுதப்பட்டிருந்தது.

பசறைக்கு மேலே ஒரு தோட்டத்து ஸ்டோரில் நடக்கப்போகிற மாற்றத்தைப் பற்றிச் சொன்னது வாப்பாதான். தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்கு ஸ்டோர் என்றுதான் பெயர். அங்கே ஒரு மூலையில் ஆள் உயரத்துக்கு மேலான இரும்புச் சக்கரம் ஒன்று இருந்தது. ரோதை என்பார்கள். எஞ்சின் ரோதையைச் சுற்றும், ரோதை கூரையடியில் ஓடும் நீண்ட இரும்புத் தண்டைச் சுற்றும், தண்டிலிருந்து பெல்டுகள் இறங்கிக் கொழுந்து உருட்டும் ரோலர்களைச் சுற்றும். வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. இப்போது அதையெல்லாம் விட்டுவிட்டு ரோலருக்கு ஒன்றாக மின்சார மோட்டர் வைக்கப் போகிறார்கள். முதலில் மோட்டரோடு வரும் நான்கு புதிய ரோலர்கள், பிறகு பழையவற்றுக்கும் மோட்டர். இந்தச் செய்தியை என்னிடம் சொல்லிவிட்டு வாப்பா, "நீ படிச்சு முடிக்கிற நேரம் எண்ட பெல்டுக்கு ஆள் ஈக்காது போல" என்றார். தன் வியாபாரத்துக்குக் குழி தோண்டுகிற வேலைக்கு அவரே எனக்கு வழி காட்டி, ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கருக்கு ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பினார்.

டிசம்பரில், நத்தார் லீவுக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தேன். பசறையில் மாமாவின் கடை மேல்மாடியில் தங்கி, காலை பஸ்ஸில் மலைக்கு ஏறி, மாலை பஸ்ஸில் இறங்குவேன். மழைக்காலம். ஸ்டோருக்குள் நுழைந்தால் மட்டும் சூடும் பச்சைத் தேயிலை மணமும் வந்து மூக்கைப் பிடிக்கும்.

மோட்டர்கள் வந்து, பூட்டி, வயர் இழுத்து, சோதித்தும் ஆகிவிட்டது. நான்கு புதிய ரோலர்களும் மினுமினுவென்று நின்றன. ஆனால் யாரும் அவற்றில் கொழுந்து போடவில்லை. காலையில் ரோலர் அறை ஆட்கள் வருவார்கள், எஞ்சினைக் கிளப்புவார்கள், ரோதை சுற்றும், பெல்டுகள் பட் பட்டென்று அடித்துக்கொண்டு ஓடும், பழைய ரோலர்களிலேயே எல்லாக் கொழுந்தையும் உருட்டி முடிப்பார்கள். டீமேக்கர் நல்ல மனிதர். நாளைக்குப் போட்டுவிடுவார்கள் என்று தினமும் சொன்னார். நாளையும் வந்தது, அடுத்த நாளையும் வந்தது.

நான் கேள்விகளோடு சுற்றினேன். புது மெசின் எப்படி என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில், நல்ல மெசினுங்க, அருமையான மெசினுங்க என்றார்கள். பயமா என்றால் இல்லை. வேலை போய்விடும் என்ற கவலையா என்றால், அதுவும் பேசித் தீர்த்தாச்சுங்க என்றார்கள். பெல்ட் பார்க்கிறவருக்குக்கூட வேறு வேலை உறுதி செய்திருந்தது. வகுப்பில் படித்த காரணங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. ஜனவரி நெருங்கிக்கொண்டிருந்தது.

விஷயத்தை உடைத்தது சல்லடை அறையில் வேலை செய்த ஒரு அக்கா. தூளைச் சலித்துத் தரம் பிரிக்கிற அந்த அறையில் பெண்கள்தான். நடுவயது, கூர்மையான நாக்கு, தூள் படிந்த புருவம். ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் நான் கதவருகே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒங்களப் பாத்தா பரீச்சையில பெயிலான மாதிரி இருக்கு" என்றார்.

"இந்த மெசின் ஓடலேன்னா பெயில்தான் அக்கா" என்று நான் உள்ளதைச் சொன்னேன். ஒரு வருட லீவையும் ஜனவரியையும் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. கிளாசைக் கீழே வைத்தார்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா? ரோதைய நிப்பாட்டிட்டா முனி எங்க இருப்பாரு? அதுக்கு ஒரு வழி சொல்லாம ஆம்பளைங்க சுவிச்சத் தொட மாட்டாங்க."

ரோதைக்குப் பக்கத்தில் சுவரோரமாகக் குங்குமம் பூசிய ஒரு கல்லும் அதற்கு முன்னால் விளக்கும் இருந்ததை நான் வந்த முதல் நாளே பார்த்திருந்தேன். பார்த்துவிட்டு, ஒருவருடைய நம்பிக்கையை உற்றுப் பார்க்கக் கூடாது என்று மரியாதையாகக் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். அதுதான் ரோதைமுனி. சுற்றுகிற சக்கரத்தில் கையோ சேலையோ தலைமுடியோ மாட்டாமல் ஆட்களைக் காக்கிறவர். வெள்ளிக்கிழமை விளக்கு, வருடத்துக்கு ஒரு சேவல். அவர் ரோதையில் இருக்கிறார். ரோதை நின்றால் அவர் வீடில்லாமல் போவார். வீடில்லாத முனியை வைத்துக்கொண்டு யார் மெசினுக்குள் கை விடுவார்கள்?

எல்லாரிடமும் இவ்வளவு கேட்டேனே, ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்றேன்.

"ஒங்ககிட்ட எப்படித் தம்பி சொல்றது? நீங்க பள்ளிவாசலுக்குப் போற ஆளு. ஒங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு அவங்களுக்குள்ள பேசி வச்சிக்கிட்டாங்க."

தோட்டத்தை நடத்துகிற துரையிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். துரை சிரிப்பார், அவர் சிரித்தால் இவர்களுக்குக் கோபம் வரும், பிறகு பேச்சு வேறு திசையில் போகும், அதனால் வாயைத் திறக்கவில்லை என்றார். நான் அவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று பார்க்காமல் இருந்தேன். அவர்கள் என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று சொல்லாமல் இருந்தார்கள். இந்த மரியாதைக்கு நடுவில் நான்கு மோட்டர்கள் தூசு பிடித்துக்கொண்டிருந்தன.

இதை அப்படியே எழுதிக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் விரிவுரையாளரின் விதி காப்பாற்றப்பட்டிருக்கும். ஆனால் அன்று மாலையே டீமேக்கர் புதுச் செய்தி கொண்டுவந்தார். லீவு முடிந்ததும் கொழும்பிலிருந்து பெரியவர்கள் மோட்டரைப் பார்க்க வருகிறார்களாம். அதற்குள் ரோதையை உடைத்துப் பழைய இரும்புக்கு அனுப்பிவிட்டால் ஆட்களுக்கு வேறு வழியிருக்காது என்று துரை முடிவு செய்துவிட்டாராம். ரோதைமேல் சுத்தியல் விழுந்தால் மறுநாள் ஒருவரும் ஸ்டோருக்குள் வரமாட்டார்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும். வாடப் போட்ட கொழுந்து மாடியிலேயே அழுகும். என் படிப்பும் அதோடு.

ஓடினேன். துரை இளைஞர், கெட்டவர் அல்ல, அவசரக்காரர். இங்கிலீஷில் பேசினேன். முனி என்று தொடங்கினால் சிரித்துவிடுவார் என்று பயந்து, வகுப்பில் படித்த பெரிய பெரிய சொற்களாக எடுத்து விட்டேன்: தயார்ப்படுத்தும் காலம், பயனாளர் நம்பிக்கை, பாதுகாப்பு உணர்வை இடமாற்றுதல். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தக் கல்லைப் பற்றித்தானே சொல்கிறீர்கள் என்றார். அவருக்கு முன்பே தெரியும். யாரும் அவரிடம் கேட்காததால் அவரும் எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைவரை பொறுக்கிறேன், அன்று புது மெசினில் கொழுந்து உருளாவிட்டால் சனிக்கிழமை ரோதை உடையும் என்றார்.

மறுநாள் முனியைப் புது மெசினுக்குக் குடிமாற்றுவது பற்றி ஸ்டோர் முற்றத்தில் பேச்சு. முனிக்குப் பூசை செய்கிறவர் ரோலர் அறையின் மூத்த வேலைக்காரர், வாட்டசாட்டமான மனிதர். எங்கள் கடைக்கு வந்து பழக்கம் என்பதால் என்னைச் சின்ன மொதலாளி என்பார். அவர்தான் சிக்கலைச் சொன்னார்.

"ரோதைன்னா ஒண்ணு. இப்ப வந்திருக்கிறது நாலு. முனி ஒருத்தரு. அவர எதுல வைக்கிறது?"

"முறை வச்சிக்கிட்டா என்ன?" என்றான் ஒரு இளைஞன். "திங்கக்கெழம ஒண்ணுல, செவ்வாக்கெழம ஒண்ணுல."

"அப்படி மாறி மாறித் திரியிறதுக்கு அவரு என்ன, ஒன்னய மாதிரி மட்டம் போடுற ஆளா?" என்றார் சல்லடை அறை அக்கா.

எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு பூசை அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"சின்ன மொதலாளி, இந்த நாலும் எங்கேருந்து உசுரு வாங்குது?"

மெயின் சுவிட்சிலிருந்து என்றேன். அதை இறக்கினால் நான்கும் நின்றுவிடும், ஏற்றினால்தான் நான்குக்கும் மின்சாரம் போகும். அவர் எழுந்து போய், சுவரில் சாம்பல் நிறப் பெட்டியாக இருந்த அந்தச் சுவிட்சை நீண்ட நேரம் பார்த்தார். இங்கேயே இருக்கட்டும் என்றார். அதற்குள் எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. பெட்டிக்குக் கீழே கல், கல்லுக்கு முன்னால் எண்ணெய் விளக்கு, மேலே சூடம்! வயருக்குக் கீழே நெருப்பு வைக்க முடியாது அண்ணே என்று நான் குறுக்கே விழுந்தேன். அப்படியென்றால் எங்கே என்றார். எதிர்ச் சுவரில் சுவிட்சைப் பார்த்தபடி வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

அவர் இரண்டு சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பாத்துக்கிட்டே இருப்பாரு. அது போதும்" என்றார்.

கையை உள்ளே விடாதே என்று சொல்லி அனுப்பப்பட்டவன் முனிக்கு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு நின்றேன்.

இனி நேரம். வெள்ளிக்கிழமை பதினொரு மணியைச் சுற்றி ராகு காலம், அதில் சுவிட்ச் ஏற்றக் கூடாது. அதற்கு முன்னால் பூசை, கல்லைப் பெயர்த்து வைப்பது, சேவல் எல்லாம் முடிய வேண்டும். ராகு காலம் முடிகிற நேரம் எனக்குப் பசறைப் பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை. நீங்கள் பாட்டுக்கு ஏற்றுங்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பூசை அண்ணன் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"பேசி முடிச்சது நீங்க. நீங்க இல்லாம போட்டா நல்லா இருக்காது. தொழுதுட்டு வாங்க, அப்புறம் போடுவோம்."

புது ரோலருக்கென்று ஒரு பங்குக் கொழுந்தை மாடியில் ஒதுக்கினார்கள். வழக்கமாக விடியும்போதே உருட்டிவிடுகிற கொழுந்து. ஆனால் மழை ஈரம் குடித்திருப்பதால் வாட நேரம் எடுக்கும், பிற்பகல் இரண்டு மணிவரை தாங்கும் என்றார் டீமேக்கர். அதற்கு மேல் தாங்காது என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை பூசை நடந்தபோது என்னை வெளியே ஒரு பெட்டிமேல் உட்கார வைத்துவிட்டார்கள். உங்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று இந்தத் தடவை வாய்விட்டே சொன்னார்கள். மணிச் சத்தமும் ஒரு குலவையும் கேட்டன. பிறகு பஸ் பிடித்துப் பசறைக்கு இறங்கினேன்.

தொழுகை முடிந்து ஏறிய பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மழையில் மேட்டு மண் சரிந்து பாதையில் கிடந்தது. முன்னால் உர மூட்டை ஏற்றிய ஒரு லொறி, அதற்கு முன்னால் மண்வெட்டியோடு ஆட்கள். கொண்டக்டர் ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் அவசரந்தான் என்றார். நான் இறங்கித் தேயிலைக்குள் பாய்ந்தேன். கொழுந்து எடுக்கிறவர்கள் ஏறி இறங்குகிற குறுக்குப் பாதை செங்குத்தாகப் போகிறது. பள்ளிக்கென்று போட்ட வெள்ளைச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வழுக்கி, எழுந்து, திரும்ப வழுக்கி, மேலே போய்ச் சேர்ந்தபோது சாரம் வெள்ளையாக இல்லை. வழி முழுக்க ஒரே நினைப்பு: எனக்காகக் காத்திருக்க வேண்டாம், போட்டிருக்க வேண்டும், அல்லாவே, போட்டிருக்க வேண்டும்.

போடவில்லை. ஸ்டோர் வாசலில் டீமேக்கர் ஒரு கைப்பிடி கொழுந்தைப் பிசைந்து பிசைந்து பார்த்துக்கொண்டு நின்றார். வாடிய கொழுந்தைப் பிடித்து விட்டால் மெல்ல விரிய வேண்டும். நொறுங்கத் தொடங்கினால் தூள் கெட்டது. "கொழுந்து நொறுங்குற தொங்கல்ல நிக்குது, இங்க பூசாரியும் நிக்கிறாரு, தொரையும் நிக்கிறாரு" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். உண்மைதான். துரையின் ஜீப் முற்றத்தில் நின்றது. ரோலர் அறைக்குள் துரை கைகட்டிக்கொண்டு நின்றார். ஆள் வரணுங்க என்று பூசை அண்ணன் ஒரே ஒரு தடவை சொன்னாராம், அவரும் சரி என்று நின்றுவிட்டாராம்.

சேறும் சகதியுமாக நான் உள்ளே வந்ததும் அண்ணன் வேறொன்றும் கேட்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்து ஒரு கும்பிடு. பிறகு சுவிட்சை ஏற்றினார். ஒவ்வொரு ரோலராகக் கிளம்பியது. பெல்ட் அடிக்கிற சத்தமில்லை, தரை அதிரவில்லை, ஒரு மெல்லிய ரீங்காரம் மட்டுந்தான். சல்லடை அறையிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா, "என்னாது, வேலை செய்யுதா, தூங்குதா?" என்றார். கொழுந்தைக் கொட்டினார்கள். சாறு கசிந்து அந்தப் பச்சை மணம் எழும்பியபோது துரைகூடச் சிரித்தார். ஒதுக்கிய கொழுந்து முழுவதும் உருண்டு முடிந்தது. தூள் கெடவில்லை.

அதற்குப் பிறகுதான் சாப்பாடு. முனிக்கு அறுத்த சேவலைக் குழம்பு வைத்திருந்தார்கள். அதில் நான் கை வைக்க முடியாது; அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கை கழுவினேன். அக்கா வேறொரு சட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இது முனிக்குக் காட்டல, தம்பி. பசறை மார்க்கட்டுல ஒங்க ஆளு ஒருத்தரு அறுத்துக் குடுத்தது. புதுச் சட்டி, புது அகப்பை. சாப்பிடுங்க."

முந்திய நாள் மாலையே ஒரு ஆளைப் பசறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.

ரோதையைப் பிறகு லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனபோது ஒருவரும் தடுக்கவில்லை. தூக்கிவிடக் கையும் கொடுத்தார்களாம்.

அறிக்கையை எழுதினேன். நடந்ததை நடந்தபடி. தேர்வில் என்னை விசாரித்தவர்களில் ஒருவர் நேராக அந்த இடத்தில் விரலை வைத்தார். பார்க்கப் போனவர் நடத்தி வைத்திருக்கிறீர்கள், இதை எப்படி ஆய்வு என்று ஏற்றுக்கொள்வது என்றார். கடைசி நாள் தாமதத்துக்குக் காரணம் என்று நீங்கள் எழுதியிருப்பதும் உங்களைத்தானே என்றார். ஆமாம் என்றேன். ஒரு கூட்டம் வெளி ஆளை உள்ளே எடுத்துக்கொண்டால் பிறகு அவர் வெளியே நின்று பார்க்க முடியாது, ஸ்டோர் ஆட்கள் என்னை எடுத்துக்கொண்டார்கள், அதையும் மாற்றத்தின் ஒரு பகுதியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று ஒருவாறு சொல்லி முடித்தேன். என் விரிவுரையாளர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தத் தாமதத்தை இவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார் என்று மட்டும் சொன்னார். அது போதுமாக இருந்தது. பாஸ்.

பெறுபேறு வந்ததும் பசறைக்கு மேலே போனேன். பழைய ரோலர்களுக்கும் மோட்டர் பூட்டியாகிவிட்டது. எல்லாரும் ஓடிக்கொண்டிருந்த மெசின்களை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்றார்கள், டீமேக்கர் சத்தம் போட்டார், யாரும் அசையவில்லை. அறிக்கைப் புத்தகத்தைக் கொடுத்தேன். பூசை அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, அட்டையைத் தடவிப் பார்த்தார்.

"முனி பேரு இதுல இருக்கா?"

இருக்கிறது என்று அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"இது இங்கிலீசுல்ல?" என்றார் கொஞ்சம் கவலையாக. "அவருக்கு வெளங்குமா?"

"அவரு வெள்ளக்காரன் காலத்துலேர்ந்து இந்த ஸ்டோர்ல வேலை பாக்குறாரு" என்றார் அக்கா. "நமக்குத்தான் வெளங்காது. கொண்டுபோய் அவருகிட்ட வைங்க."